நீண்ட கயாக் பயணம்: தேதியைக் கடைசியாகக் குறியுங்கள்

கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குக் கயாக்கில், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகில், போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு தேதியைக் குறித்துவிட்டு அப்புறம்தான் காற்றைப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். 5 நாள் துடுப்பு போட வேண்டிய பயணத்துக்கு 10 நாள் லீவு எடுங்கள், திரும்பி வர டிக்கெட் போடவே போடாதீர்கள். போட்டுவிட்டால், காற்று ஏறுகிறது என்று தெரிந்தும் 'இன்னைக்கே கிளம்பிடலாம்' என்று மனசு நச்சரிக்கும்.

முதலில் வேகக் கணக்கு. சுமை ஏற்றிய கயாக்கை நாள் முழுக்க 3 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில் ஓட்ட முடிந்தாலே நல்ல விஷயம். 50 கிலோமீட்டருக்கு 9 மணி நேரம். ஆனால் காற்று 10 நாட் வேகத்திலிருந்து 20 நாட் வேகத்துக்கு ஏறினால் அது உங்களைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அதனால் நான் 2 நாட் வேகத்தில்தான் கணக்குப் போடுவேன். அப்போது அதே 50 கிலோமீட்டருக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரம் கடல் அடங்கியிருக்குமா என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரே ஒரு முன்னறிவிப்பைப் பார்த்தால் போதாது. வானிலையைக் கணினியில் கணிக்கும் ஐரோப்பிய மாடல், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ஒரு நோட்டில் செய்வது இது: வியாழக்கிழமை கிளம்ப நினைத்தால், ஞாயிறு முதலே காலையும் மாலையும், வியாழனுக்கு எத்தனை நாட் காற்று சொல்கிறார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வருவேன். 10, 11, 10, 9 என்று நின்றால் நம்பலாம். 8, 17, 11, 19 என்று குதித்தால், கடைசியாக வந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிளம்ப மாட்டேன், ஏனென்றால் வானிலை இன்னும் எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகவில்லை.

அலை உயரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் அது எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி, நடுவில் ஒன்றிரண்டு 3 மீட்டர் பக்கம் வரலாம். இரண்டு அலைக்கு நடுவே எத்தனை விநாடி என்றும் பாருங்கள். 14 விநாடி அலை நடுக்கடலில் மெதுவாகத் தூக்கி இறக்கும், ஆனால் கரையில் பயங்கரமாக உடையும். 5 விநாடி அலை விடாமல் முகத்தில் அடிக்கும். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக இருந்தால் அலை செங்குத்தாக எழும். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஓதத்தின், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தின், ஓட்டம் வலுவாக இருப்பதால் இதை இரண்டு தடவை சரிபாருங்கள்.

திரும்பும் இடத்தைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள், களைத்துப்போன மூளை கடலில் சரியாக முடிவெடுக்காது. நான் '3 மணி நேரம், 14 கிமீ, இல்லையேல் திரும்பு' என்று மெழுகுப் பென்சிலால் கயாக்கின் முன்தளத்தில், கண்ணுக்கு நேரே எழுதி வைப்பேன். ஒரு தடவை 3 மணி நேரத்தில் 11 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் வெள்ளை நுரை, துடுப்பை உயர்த்தும்போதெல்லாம் காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. திரும்பிவிட்டேன், அழுகை வந்தது, ஆனாலும் சரியான முடிவுதான். காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் 3 மணி நேரத்தில் 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினாலும் அதே விதிதான்.

தண்ணீரும் சாப்பாடும் தாமதத்தைக் கணக்கில் வைத்து எடுங்கள். அமெரிக்கக் கயாக் வீரர் எட் கில்லெட் 1987இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குக் கயாக்கில் போனபோது 63 நாள் ஆனது, கடைசியில் சாப்பாடே தீர்ந்துபோனது.

பக்கத்துக் கப்பல்களோடும் கரையோடும் பேச விஎச்எஃப் ரேடியோவும், செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனும் உடம்போடு இருக்கட்டும். கயாக் கைவிட்டுப் போனால் பெட்டிக்குள் இருப்பவை உதவாது. கரையில் ஒருவரிடம் பாதை, கயாக்கின் நிறம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கரை ஏறியதும் முதல் போன் அவருக்குத்தான்.