கடற்கரையைத் தாண்டிக் கொழும்பு: முதல்முறை வருவோருக்கு ஒரு நாள் நடைத்திட்டம்

இரண்டு நாள் விடுமுறையில் கொழும்புக்கு வருபவர்களில் பலர் காலிமுகத்திடலில் காற்று வாங்கி, ஓர் இறால் வடையைத் தின்று, "பார்க்க வேறு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இருப்பவை ஏராளம். அவற்றைப் பார்க்கும் ஒழுங்குதான் பலருக்குத் தெரிவதில்லை. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். புறக்கோட்டைக் கடைகள் ஒன்பது மணிக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறக்கும். பதினொரு மணிக்கு மேல் வெயில் நடக்கவிடாது. இந்த மூன்றையும் மனதில் வைத்து நாளை அடுக்கினால் ஒரே நாளில் நகரத்தின் நல்ல பாதியைப் பார்த்துவிடலாம்.

முதற்படி: நாளைத் தெரிவுசெய்யுங்கள்

புதன், வியாழன், சனி ஆகிய மூன்றும் நல்ல நாட்கள். ஞாயிறன்று புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் நவநாள் வழிபாடு நடப்பதால் அந்த வட்டாரமே நெரிசலாக இருக்கும். வெள்ளி நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க முடியாது. போயா தினமா (பௌர்ணமி நாளா) என்று நாட்காட்டியில் கட்டாயம் பாருங்கள். அது பொது விடுமுறை, கடைகள் பலவும் பூட்டியிருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை சனவரி முதல் மார்ச் வரை மழைத் தொல்லை குறைவு. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அப்போது வருபவர்கள் காலைப் பகுதியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

முழங்காலையும் தோளையும் மூடும் பருத்தி உடை, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, தலையை மூட ஒரு சால்வை, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு. ஒரே நாளில் நான்கு மதங்களின் தலங்களுக்குப் போகிறோம். நாடா கட்டும் சப்பாத்து போட்டு வந்தால் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நிமிர்வதிலேயே பொறுமை போய்விடும். 20, 50, 100 ரூபாய்ச் சில்லறை நிறைய வைத்திருங்கள். காலையில் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றித்தர ஆளிருக்காது.

மூன்றாம் படி: ரயிலில் தொடங்குங்கள்

தங்குவதற்கு வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் வசதி. தமிழில் பேசலாம், சைவக் கடைகள் உண்டு, கரையோர ரயில் பாதையும் பக்கத்தில். காலை ஆறரை மணியளவில் கோட்டைக்குப் போகும் ரயிலைப் பிடியுங்கள். ஏழரைக்கு மேல் அலுவலகக் கூட்டம் ஏறிவிடும், கதவில் தொங்கத்தான் இடமிருக்கும். இடப்பக்க யன்னலோரம் உட்காருங்கள், கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வரும். டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், கோட்டை நிலைய வாசலில் அதைத் திருப்பிக் கேட்பார்கள்.

நான்காம் படி: தொலைவிலிருந்து திரும்பி நடங்கள்

புதிதாக வருபவர்கள் நிலையத்தில் இறங்கியதும் அப்படியே புறக்கோட்டைக்குள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். ஏழு மணிக்கு அங்கே பார்க்க இழுத்து மூடிய கதவுகளும் லொறிகளும்தான் இருக்கும். கடைகள் திறந்து, அவற்றைப் பார்த்து முடித்துக் கொச்சிக்கடைக்குப் போய்ச் சேரும்போது கோயில் நடை சாத்தியிருக்கும். அதனால் நிலையத்திலிருந்து ஓட்டோவில் நேரே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். பிக்மீ செயலியில் அழைத்தால் கட்டணம் முன்கூட்டியே தெரியும். தெருவில் மறித்து ஏறினால் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது ஏறுமுன் விலை பேசுங்கள்.

இந்தக் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1850களில் பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோயிலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மகன் சேர் பொன். இராமநாதன் முழுக்க முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். இலங்கையின் கோயில்கள் பலவற்றில் வண்ணச் சுதைதான் கண்ணைப் பறிக்கும். இங்கே வண்ணமே இல்லை. கல்தூண்கள், அரையிருள், எண்ணெய் விளக்கு, காலடியில் குளிர்ந்த கல். காலைப் பூசை நேரத்தில் மண்டபத்தின் ஓரமாக ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள், கல்லில் மணியோசை மோதித் திரும்புவது தனியாகக் கேட்கும். உள்ளே படம் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து சிறிது நடந்தால் புனித அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் இலக்கான இடங்களில் இதுவும் ஒன்று. வாசலில் பையைச் சோதித்தால் பொறுமையாக இருங்கள். சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைப்பதை இங்கே எந்நாளும் காணலாம்.

இனித் தெற்கே, செட்டியார் தெருவுக்கு. இருபுறமும் நகைக்கடைகள், நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாவில் வேல் இங்கிருந்துதான் புறப்படும். அந்த நாட்களில் வீதிகள் மூடப்படும், பஸ் வேறு வழியில் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்பதரைக்குப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்தால் கடைகள் திறந்திருக்கும். நாட்டாமைமார் என்னும் சுமை தூக்கும் தொழிலாளர்கள் மூட்டை ஏற்றிய கைவண்டியோடு வருவார்கள். வண்டிக்கு பிரேக் இல்லை, ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். தெருவின் நடுவில் நின்று படம் எடுப்பது இங்கே உண்மையாகவே ஆபத்து. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாய் எழுந்து நிற்பது ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். ஊராருக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். தொழுகை இல்லாத வேளையில் பார்வையாளர்களை விடுவார்கள். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன்னரே, பதினொன்றுக்குள், பார்த்துவிடுங்கள். முழுக் கட்டடமும் படத்தில் அடங்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கக் கடை வாசலுக்குப் போய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஐந்தாம் படி: வெயிலுக்கு நூதனசாலை

நண்பகலில் சாப்பிட்டு, ஓட்டோவில் கறுவாத்தோட்டத்திலுள்ள கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வாருங்கள். 1877 சனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பலர் அரைமணியில் ஓடிப்பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் கொடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் மூன்று பொருட்களையாவது தேடிப் பாருங்கள்.

முதலாவது, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் இது, அதில் உள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகம் அல்லாஹ்வை, தமிழ், தெவிநுவரையில் வணங்கப்பட்ட தேனாவரை நாயனாரை. மூன்று தெய்வங்களுக்கும் கொடுத்த காணிக்கைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்தத் தீவின் துறைமுகங்களில் தமிழ் வணிக மொழியாக நின்றதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. 1911இல் காலி நகரில் மதகை மூடிய பலகைக்கல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது. நேரே நின்றால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் குறுக்கே விழும் கோணத்தில் பாருங்கள்.

இரண்டாவது, பொலன்னறுவைச் செப்புத்திருமேனிகள். நடராசரோடு சுந்தரரும், எலும்பும் தோலுமாய்த் தாளம் ஏந்திய காரைக்காலம்மையாரும் இருக்கிறார்கள். அம்மையாரின் முகத்தருகே கொஞ்சநேரம் நில்லுங்கள். மூன்றாவது, கண்டி அரசரின் அரியணை. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது.

ஆறாம் படி: மாலையில் வாவிக்கரை

நான்கு மணிக்குப் பிறகு விகாரமகாதேவி பூங்காவின் மரநிழலில் நடந்து கங்காராமை விகாரைக்குப் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது இங்கே பெரும் அவமதிப்பு. புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள். வீதியில் யாராவது, "இண்டைக்குக் கோயில்ல திருவிழா, யானை வருது, நான் கூட்டிப்போறன்" என்று வலிய வந்து பேசினால் நன்றி சொல்லி நடந்துவிடுங்கள். அநேகமாக அந்தப் பயணம் தரகு கொடுக்கும் இரத்தினக்கல் கடையில்தான் போய் நிற்கும்.

பேரை வாவியின் நீருக்கு மேல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்னும் பௌத்த மண்டபத்தைக் கடைசிக்கு வையுங்கள். பகலில் நடைபாதை காலைச் சுடும். ஐந்தரைக்குப் போனால் தரை ஆறியிருக்கும், மரச்சட்டங்களுக்கிடையே மாலை வெயில் சாய்ந்து வரும். தாமரைக் கோபுரம் ஏற விரும்புவோர் மேகமில்லாத இன்னொரு மாலைக்கு அதை ஒதுக்கலாம். மழைமூட்டத்தில் மேலே வெண்மை தவிர எதுவும் தெரியாது, டிக்கெட் காசு வீண்.

திரும்பும்போது ஐந்து முதல் ஆறரை வரையான ரயில்களைத் தவிருங்கள். ஏழுக்கு மேல் கொம்பனித்தெரு நிலையத்தில் ஏறினால் வெள்ளவத்தைக்குப் போதிய இடத்தோடு போகலாம். இறங்கியதும் காலி வீதிச் சைவக் கடையில் சூடான இடியப்பமும் சொதியும் கிடைக்கும்.