சாட்ஸ்வர்த் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் முறை

சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் வாழும் பகுதி. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டின் தனி வசதிச் சட்டம் நம் தாத்தா, ஆயாமாரை டர்பனின் நல்ல கடற்கரைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1990இல் அது நீக்கப்பட்ட பின்னும், நீந்தத் தெரியாத பெற்றோரின் அச்சம் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. ஆகவே முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். நம் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்து ஜூலு இனப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேருங்கள். உடல் மூடும் நீச்சலுடையை அனுமதியுங்கள். கூச்சம் காரணமாகப் பெண்பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது.

முதல் நாளே கைவீச்சு கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. இடுப்பளவு நீரில், பிள்ளையின் பின்தலையை உள்ளங்கையில் தாங்கி, காதுகள் நனையும்வரை மல்லாக்கப் படுக்கவையுங்கள்; வயிறு மேலெழும்பி, கழுத்தின் இறுக்கம் தளர்வதை உங்கள் கை உணர்ந்த பிறகே, ஒவ்வொரு விரலாக விலக்குங்கள். அவசரப்பட்டுக் கையை எடுத்தால், பல வார நம்பிக்கை ஒரு மடக்குத் தண்ணீரில் போய்விடும்.

கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையே, உயிர்காப்பாளர் பணியில் இருக்கும்போது மட்டுமே இறங்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர் அதை எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். மூழ்குபவரைக் கண்ட பிள்ளை தானும் குதிக்காமல், மூடியிட்ட வெறும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனை அவரிடம் எறிந்துவிட்டு, பெரியவர்களைக் கூவி அழைத்து, கைப்பேசியில் 112ஐ அழைக்கப் பழக்குங்கள்.