புதர்க்காட்டில் பறவைகளுக்கு வளையமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில் உள்ள நெப் எஸ்டேட் ஏறத்தாழ 3,500 ஏக்கர். 2001 முதல் அங்கே படிப்படியாக உழவை நிறுத்தினார்கள். பயிர் நின்ற வயல்களில் இப்போது பிளாக்தார்ன் முள்ளும் வில்லோவும் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்திருக்கின்றன. நைட்டிங்கேல் அங்கே கூடு கட்டுகிறது. இத்தகைய புதர்க்காட்டில் மெல்லிய நூல் வலை கட்டிப் பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிவிடப் பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பறவையை நசுக்காமல் பிடிக்கத் தெரிந்திருக்கும். பிழை நேர்வது வேறு இடங்களில்.

ஆள்பலம் பார்க்காமல் வலை விரிப்பது

இதனால் பறவைகள் உயிரிழக்கக்கூடும். ஆகஸ்ட் கடைசியில், தெளிந்த இரவுக்குப் பின் விடியும்போது, நேற்று மூன்று பறவை விழுந்த அதே புதரில் இன்று நாற்பது விழலாம். வலசை போகும் பிளாக்கேப்பும் வைட்த்ரோட்டும் பிளாக்பெர்ரிப் பழத்துக்காகக் கூட்டமாக இறங்கியிருக்கும். சுலபமாகச் சிக்கிய பறவையை எடுக்கத் தேர்ந்த கைக்கு ஒரு நிமிடம் ஆகும். புதியவருக்கு ஐந்து நிமிடம்கூடப் போதாது. வளையமிட்டு, சிறகளந்து, எடை பார்க்க இன்னும் சில நிமிடங்கள். அதுவரை மற்றவை பனியில் நனைந்த வலையில் குளிர்ந்து சோர்ந்துவிடும். சிட்டுப்பருந்து வந்து கொத்தவும் கூடும்.

பறவையை வலையிலிருந்து எடுக்கத் தெரிந்தவர் இருவர் என்றால் இரண்டு 18 மீட்டர் வலையோடு தொடங்குங்கள். முதல் சுற்றில் எத்தனை விழுந்தன என்று பார்த்த பிறகே மூன்றாவது. இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று. வெயிலோ காற்றோ ஏறினால் இன்னும் சீக்கிரம். மழை என்றால் வலையே வேண்டாம்.

கூட்டமாக விழுந்துவிட்டால் பறவைகளை ஈர்க்க ஒலிக்கவிட்ட பாட்டொலியை முதலில் நிறுத்துங்கள். வலையில் பறவை விழாத தட்டுகளை (குறுக்கே ஓடும் அடுக்குகளை) சுருட்டுங்கள், பிறகு பறவைகளை எடுங்கள். அளவுகளைக் கைவிடலாம். தேவைப்பட்டால் வளையமிடாமலே விட்டுவிடலாம். இதைத்தான் புதியவர்கள் கேட்பதே இல்லை. வளையமில்லாமல் பறந்த பறவையை நட்டம் என்று எண்ணி, கடைசிப் பறவை துவளும்வரை எடை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நுழைந்த பக்கத்தைப் பார்க்காமல் கை வைப்பது

பறவை விழுந்து கிடக்கும் வலைப் பையின் வாய் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். நூல் மூடாத வயிறு தெரியும் பக்கம் அதுதான். பொதுவாகக் கால்களை விடுவித்து, பிறகு சிறகு, கடைசியாகத் தலை. ரென் என்ற சிறு பறவை சுழன்று சுழன்று சிக்கும். முன்னேற்றம் இல்லை என்றால் உடனே பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். நூலை வெட்ட நேர்ந்தால் வெட்டலாம், வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

வளையத்தின் வாயில் இடைவெளி விடுவது

நூல் நுழையும் இடைவெளி இருந்தாலும் இடுக்கியால் மறுபடி மூடுங்கள்.

வயதை ஊகித்து எழுதுவது

பதிவேட்டில் இந்த ஆண்டுக் குஞ்சுக்கு வயதுக் குறியீடு 3, அதைவிட மூத்ததற்கு 4. உறுதியில்லையா, 2 என்று எழுதுங்கள். தவறான 3 பல ஆண்டுத் தரவைக் கெடுக்கும்.

லாங்-டெயில்டு டிட் குடும்பத்தைப் பிரிப்பது

கூடாது. இந்தச் சிறு பறவைகள் குடும்பமாகவே திரிபவை. எல்லாவற்றையும் ஒன்றாகவே விடுங்கள்.

சுருட்டிய வலையைக் கம்பத்திலேயே விட்டுப் போவது

லாங்ஹார்ன் மாடுகளும் எக்ஸ்மூர் குதிரைகளும் டாம்வொர்த் பன்றிகளும் நெப்பில் கட்டின்றி மேய்கின்றன. மாடு கம்பத்தில் கழுத்தைச் சொறியும், கம்பம் சாயும், வலை கொம்பில் சுற்றிக்கொள்ளும். வலை, கம்பம், இழுகயிறு எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டு போங்கள். கயிறு கட்டத் தரையில் அடித்த முளைகளை எண்ணிச் சரிபாருங்கள். புல்லில் கிடக்கும் ஒன்று குதிரையின் குளம்பில் ஏறிவிடும்.