வீஆர்சாட்டில் முதல் உலகம் கட்டுவது எப்படி: தாமதமாக வருபவருக்கும் கதவு திறக்க வேண்டும்

பலர் கூடிப் பேசும் மெய்நிகர் தளமான வீஆர்சாட்டில் நான் கட்டிய முதல் உலகத்தில் இரண்டே அறைகள், நடுவில் ஒரு கதவு. முதல் நாள் நண்பர்கள் நால்வர் வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு உள்ளறைக்குப் போய்ப் பேச உட்கார்ந்தோம். அரை மணி நேரம் கழித்து ஐந்தாமவர் வந்தார். எங்கள் கண்ணுக்கு அவர் திறந்த வாசலில்தான் நின்றார். ஆனால் உள்ளே வராமல், "கதவைத் திறங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அது மூடியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலில் கருவிகள். கிரியேட்டர் கம்பேனியன் என்ற மென்பொருளை நிறுவி, அதன் வழியாகவே உலகத்துக்கான புதிய திட்டத்தைத் தொடங்குங்கள். உலகத்தைக் கட்டப் பயன்படும் விளையாட்டு உருவாக்க மென்பொருளான யூனிட்டியில் வீஆர்சாட் ஏற்கும் பதிப்பு ஒன்றுதான். இதை எழுதும்போது அது 2022.3.22எஃப்1. அதைவிடப் புதியது வந்திருப்பதாக யூனிட்டி ஹப் சொன்னாலும் மாற்றாதீர்கள். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் கணக்கு வழியாக மட்டும் நுழைந்துகொண்டிருப்பவர்களால் பதிவேற்ற முடியாது. வீஆர்சாட்டிலேயே தனிக் கணக்கு வேண்டும், அதுவும் 'விசிட்டர்' நிலையைத் தாண்டி 'நியூ யூசர்' ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. சில நாட்கள் மற்றவர்களின் உலகங்களைச் சுற்றிப் பாருங்கள். நல்ல அறைகளில் நின்று பார்த்த அனுபவம் கட்டும்போது நிச்சயம் கைகொடுக்கும்.

அடுத்து அறை. யூனிட்டியில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். மாத்திரை வடிவமான சாதாரண கேப்சூல் ஒன்றைக் காட்சியில் வையுங்கள். அதன் உயரம் 2 மீட்டர். அதை ஆள் என்று எண்ணிக்கொண்டு சுவரையும் வாசலையும் அளந்து கட்டுங்கள். திரையில் பார்க்கும்போது தாராளமாகத் தெரியும் கூரை, ஹெட்செட்டை மாட்டியதும் தலைமேல் இறங்கி வந்து நிற்கும். நான் 3 மீட்டருக்குக் குறைவாகக் கூரை வைப்பதே இல்லை. தரைக்குக் கொலைடர் (மோதுவதைத் தடுத்து நிறுத்தும் கண்ணுக்குத் தெரியாத எல்லை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வருபவர்கள் அதன் வழியே விழுந்துகொண்டே போவார்கள். ரீஸ்பான் உயரத்தைத் தொட்டதும் மறுபடி தொடக்க இடத்துக்கு வந்து மறுபடி விழுவார்கள். தொடக்க இடம் போன்ற உலக அமைப்புகளைத் தாங்கும் தயார்நிலைப் பொருளான வீஆர்சிவேர்ல்டு பிரிஃபாப் காட்சியில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இனி கதவு. இங்கே ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: எல்லோரும் ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றினாலும், ஒவ்வொருவர் கணினியிலும் அந்த அறையின் தனிப் பிரதி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்களின் குரலையும் அசைவையும் வீஆர்சாட் தானாகவே எல்லாப் பிரதிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நீங்கள் செய்த கதவைச் சேர்க்காது. அது உங்கள் பொறுப்பு.

நான் செய்த தவறு, 'கதவைத் திற' என்ற நெட்வொர்க் நிகழ்வை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது. நிகழ்வு என்பது மணி அடிப்பது மாதிரி. அடித்தபோது இருந்தவர்களுக்குத்தான் கேட்கும். ஐந்தாமவர் வரும்போது மணி அடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. கதவுக்குத் தேவை கரும்பலகை: எப்போது வந்தாலும் 'திறந்திருக்கிறது' என்று படித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பலகைதான் சிங்க் செய்யப்பட்ட மாறி, அதாவது எல்லாப் பிரதிகளிலும் ஒரே மதிப்பாக வைக்கப்படும் மாறி.

வீஆர்சாட் உலகங்களுக்கு நிரல் அமைக்க இரண்டு வழிகள்: கட்டங்களைக் கம்பிகளால் இணைக்கும் யூடான் கிராஃப், வரிகளாக எழுதும் யூடான்ஷார்ப். இரண்டிலும் இதைச் செய்யலாம். நான் யூடான்ஷார்ப் பக்கம். கிராஃபில் பத்துக் கம்பிகளைத் தாண்டினால் எது எங்கே போகிறது என்று பின்தொடர்வதே தனி வேலையாகிவிடுகிறது. ஷார்ப்பில் மேலிருந்து கீழே படித்தால் போதும்.

ஸ்கிரிப்டைக் கதவின்மேல் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு சிறு பெட்டியைப் பொத்தானாக வைத்து, அதற்குக் கொலைடர் கொடுத்து, அதில் போடுங்கள். திறப்பதற்காகக் கதவை அணைத்து மறைத்தால், அதன்மேல் இருக்கும் பொத்தானும் சேர்ந்து மறைந்துவிடும். திரும்ப மூட எதைத் தொடுவது? சிங்க் முறையை மேனுவல் (நாம் சொல்லும்போது மட்டும் அனுப்புவது) என்று வையுங்கள். உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு கொண்ட ஒரு மாறியை எழுதி, அதற்கு யூடான்சிங்க்டு அடையாளம் கொடுங்கள். அந்த மாறியைப் பார்த்துக் கதவைக் காட்டுவதற்கோ மறைப்பதற்கோ ஒரு தனிச் செயற்கூறு எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானைத் தொட்டதும் நடக்கும் இன்டராக்ட் பகுதியில் நான்கு வரிகள், இதே வரிசையில்: செட்ஓனர் மூலம் பொத்தானின் உரிமையைத் தொட்டவருக்கு மாற்றுங்கள், மாறியின் மதிப்பைத் திருப்புங்கள், ரிக்வெஸ்ட்சீரியலைசேஷனை அழையுங்கள், கடைசியாக அந்தத் தனிச் செயற்கூறை அழையுங்கள்.

உரிமை மாற்றத்தை விட்டுவிட்டால், பலகையில் எழுதும் சுண்ணாம்புக்கட்டி இன்னொருவர் கையில் இருப்பதாகப் பொருள். நீங்கள் எழுதுவது உங்கள் பிரதியில் மட்டும் தெரியும். மூன்றாவது வரி இல்லாவிட்டால் எழுதியது யாருக்கும் போய்ச் சேராது. நான்காவது வரி உங்களுக்காக, ஏனென்றால் புதிய மதிப்பு வந்து சேர்ந்ததும் நடக்கும் ஆன்டிசீரியலைசேஷன் மற்றவர்கள் பிரதியில்தான் ஓடும், உரிமையாளரிடம் ஓடாது. அந்த ஆன்டிசீரியலைசேஷனுக்குள்ளும் அதே செயற்கூறை ஒருமுறை அழைத்துவிடுங்கள். தாமதமாக வருபவருக்குக் கதவைத் திறப்பது இந்த ஒரு வரிதான். எனக்கு இரண்டு வாரம் பிடிபடாமல் இருந்ததும் இதுதான்.

எல்லாவற்றையும் சிங்க் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடி இதற்கு நல்ல உதாரணம். கண்ணாடி என்றால் காட்சியை மறுபடியும் ஒருமுறை வரைவது. 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பதே சுமார் 11 மில்லிசெகண்ட். ஒருவர் கண்ணாடி பார்க்க ஆசைப்பட்டதற்காக அறையில் உள்ள அனைவரும் அந்த நேரத்தை இழக்கக் கூடாது. எனவே கண்ணாடியைத் தொடக்கத்தில் அணைத்தே வைத்து, சிங்க் இல்லாத சாதாரணப் பொத்தானைக் கொடுங்கள். விளக்குகளைப் பேக் செய்துவிடுங்கள், அதாவது ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்துவிடுங்கள். சுவரில் கறுப்புத் திட்டுகள் விழுந்தால், அந்த மாடலின் இம்போர்ட் அமைப்பில் 'ஜெனரேட் லைட்மேப் யூவி' என்பதை இயக்கிவிட்டு மறுபடி பேக் செய்யுங்கள்.

சோதிக்கும்போது 'பில்டு அண்ட் டெஸ்ட்' பகுதியில் கிளையன்ட் எண்ணிக்கையை 2 ஆக வைத்து, ஹெட்செட் இல்லாத முறையில் திறங்கள். ஒரு ஜன்னலில் பொத்தானைத் தொட்டு, மற்றதில் கதவைப் பாருங்கள். அங்கே திறந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பதிவேற்றுங்கள், புதிய உலகங்களைப் பொதுவில் வைக்கும் கம்யூனிட்டி லேப்ஸுக்கு நீங்களாக அனுப்பாதவரை உலகம் தனிப்பட்டதாகவே இருக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒரு நண்பரை வரச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் எந்த உலகத்தையும் இப்போது வெளியிடுவதில்லை.

திட்டக் கோப்புறையை வேறொரு டிஸ்கிலும் நகலெடுத்து வையுங்கள். வீஆர்சாட் போன்ற தளமான ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. மொசில்லா ஹப்ஸ் 2024 மே 31 அன்று. பலர் ஆண்டுக்கணக்கில் கட்டிய இடங்கள் அவை. மூலக் கோப்பு கையில் இருந்தால் வேறிடத்தில் மறுபடி கட்டலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் இருவர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். கணினியில் வருபவர்களுக்குக் கதவு சரியாகத் திறக்கிறது, ஆண்ட்ராய்டில் ஓடும் குவெஸ்ட் ஹெட்செட்டில் வருபவர்களுக்குத் திறப்பதில்லை. இருவருமே ஆண்ட்ராய்டுக்கான 100 எம்பி வரம்புக்குள் அடக்குவதற்காகத் திட்டத்தை நகலெடுத்து, நகலில் சில பொருட்களை நீக்கியிருந்தார்கள். அதனால் இரண்டு திட்டங்களிலும் பொத்தானை மற்றப் பிரதிகளுக்கு அடையாளம் காட்டும் நெட்வொர்க் எண் வெவ்வேறாகிவிட்டது. ஒரு பக்கம் எழுதுவது மறுபக்கம் தவறான பலகைக்குப் போகிறது. ஒரே திட்டத்தில் தளத்தை மட்டும் ஆண்ட்ராய்டுக்கு மாற்றி, அதே உலக அடையாள எண்ணில் பதிவேற்றுவதே நல்லது. ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால், எஸ்டிகேயின் (வீஆர்சாட் தரும் உருவாக்கக் கருவித்தொகுப்பு) நெட்வொர்க் ஐடி கருவியைத் திறந்து, கணினித் திட்டத்தின் எண்களை ஏற்றுமதி செய்து, ஆண்ட்ராய்டு திட்டத்தில் இறக்குமதி செய்துவிட்டு, இரண்டையும் புதிதாகப் பதிவேற்றுங்கள்.