அமெரிக்க ஃபெடரல் சட்டத்தின் பின்னணியைத் தேடுவது எப்படி?

என் மாமனார் 1970களில் அமெரிக்கா வந்த இன்ஜினியர். பழைய விசா தாளில் 'மூன்றாம் முன்னுரிமை' என்றிருந்தது. "முதல் இரண்டு யாருக்கு மாமா?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தேட உட்கார்ந்தேன்.

அந்த முன்னுரிமை வரிசை 1965 குடியேற்றச் சட்டத்தில் வந்தது. முதலில் பப்ளிக் லா எண், அதாவது நிறைவேறிய சட்டத்தின் எண். 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அது 89-236, அதாவது 89வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்; இரண்டு ஆண்டுக்கு ஒரு எண்) நிறைவேற்றிய 236வது சட்டம். அமெரிக்க அரசின் ஆவணத் தளமான கவ்இன்ஃபோவில், நிறைவேறிய சட்டங்களின் தொகுப்பான 'ஸ்டாச்சூட்ஸ் அட் லார்ஜ்' 79ஆம் தொகுதி, 911ஆம் பக்கத்தைத் திறந்தால், ஓரத்தில் பொடி எழுத்தில் மசோதா எண் இருக்கும்: எச்.ஆர். 2580 (எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபை மசோதா, எஸ். என்றால் செனட் மசோதா). (1975க்குப் பிந்தைய சட்டமென்றால் அதன் கடைசியிலேயே ரிப்போர்ட் எண், விவாதத் தேதி எல்லாம் கிடைக்கும்.)

அடுத்து கமிட்டி ரிப்போர்ட், அதாவது மசோதாவைப் பரிசீலித்த குழுவின் அறிக்கை. விவாதத்துக்கு முன் இதைப் படியுங்கள். எந்தப் பிரிவு எதற்கு என்று வரிசையாக விளக்கியிருப்பார்கள். இந்தச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபை ரிப்போர்ட் 745, செனட் ரிப்போர்ட் 748.

நான் மாட்டிக்கொண்டது ஹியரிங்கில், அதாவது குழு சாட்சிகளைக் கேட்ட விசாரணையின் பதிவில். 2580 என்று போட்டு செனட் ஹியரிங்கைத் தேடித் தேடி இரண்டு வார இறுதிகள் போயின. செனட்டில் விசாரித்தது அதே மசோதாவின் இரட்டையை! இமானுவேல் செல்லர் சபையில் கொண்டுவந்தது எச்.ஆர். 2580, பிலிப் ஹார்ட் செனட்டில் கொண்டுவந்தது எஸ். 500. ஹியரிங் அந்த எண்ணில்தான் இருக்கிறது. முந்தைய காங்கிரஸையும் விடாதீர்கள். 1963லேயே எச்.ஆர். 7700, எஸ். 1932 என்று இதே முயற்சி நடந்திருக்கிறது. எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பிறகு, தாக்கல் செய்த வடிவத்தையும் நிறைவேறிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எனக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. முதல் வடிவத்தில் தொழில்திறன் உள்ளவர்களுக்கே முதலிடம். சபையின் குடியேற்றத் துணைக்குழுத் தலைவர் மைக்கேல் ஃபீகன் குடும்ப உறவுக்கு முதலிடம் கேட்டு விடாமல் நின்றார். கடைசியில் குடிமக்களின் மணமாகாத வளர்ந்த பிள்ளைகள் முதலிலும், நிரந்தரவாசிகளின் மனைவி, கணவர், மணமாகாத பிள்ளைகள் இரண்டாவதிலும் வந்தார்கள். மாமாவைப் போன்ற படித்த தொழில்துறையினருக்கு மூன்றாவது இடம், பத்து சதவீத வரம்போடு.

காங்கிரஸ் டாட் கவ் தளம் புதிய சட்டங்களுக்கு அருமை. 1973க்கு முன்பு என்றால் கவ்இன்ஃபோவும் ஹாத்தி டிரஸ்ட் என்ற மின்நூலகமும்தான் என் தேர்வு. கட்டணத் தளத்துக்குப் பணம் கட்டுமுன் ஃபெடரல் டெபாசிட்டரி நூலகத்தில் (அரசு வெளியீடுகளைப் பொதுமக்களுக்காக வாங்கி வைக்கும் நூலகம்) கேளுங்கள்.

பின்சேர்க்கை: விவாதத்தின் பக்க எண் பொருந்தவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். விவாதங்கள் அச்சாகும் காங்கிரஷனல் ரெக்கார்டின் தினசரிப் பதிப்புக்கும் பைண்டு தொகுதிக்கும் பக்க எண்கள் வேறு. தேதியை வைத்துத் தேடுங்கள். இந்த மசோதாவுக்கு சபையில் 1965 ஆகஸ்ட் 25, செனட்டில் செப்டம்பர் 22.