ஹோம் தியேட்டர் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது: ஓட்டை எங்கே இருந்தது?

கதவைச் சாத்தினாலும் படத்தின் வசனம் பக்கத்து அறையில் வார்த்தை பிசகாமல் கேட்டது. வெடிச்சத்தம் வந்தால் அங்கே அலமாரிக் கண்ணாடி அதிரும்.

முதலில் சுவரெங்கும் ஃபோம். எதிரொலி அடங்கியது, வெளியே போகும் சத்தம் துளியும் குறையவில்லை. ஃபோம் உறிஞ்சும், தடுக்காது. தடுக்க எடை வேண்டும். 40 ஹெர்ட்ஸ் பாஸின் (அடிமட்ட உறுமல் ஒலி) அலைநீளமே 8 மீட்டருக்கு மேல். 2 அங்குல ஃபோம் அதற்கு எம்மாத்திரம்? கனமான திரைச்சீலையும் இதே கதைதான்.

பிறகு அறையை இருட்டாக்கி, வெளியிலிருந்து கதவில் டார்ச் அடிக்கச் சொன்னேன். அடியில் நீளக் கோடாக வெளிச்சம். சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் டோர் சீல் போட்டதும் பாதி நிம்மதி.

ஆனாலும் வசனம் மெலிதாக வந்தது, அதுவும் ஒரே இடத்திலிருந்து. சுவரோடு காதை வைத்து நகர்ந்துகொண்டே போனால், சுவிட்ச் போர்டு! இரண்டு அறைக்கும் பெட்டிகளை முதுகோடு முதுகாகப் பதித்திருக்கிறார்கள். நடுவில் செங்கல்லே இல்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்து, ஒரு பெட்டியைத் தள்ளி வைத்து, பழைய குழியைச் சிமென்ட் பூசி அடைத்தோம். வசனம் அன்றே நின்றது.

பாஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரைப் பொதுச் சுவரை விட்டு நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டேன். கண்ணாடி அதிர்வதில்லை; உறுமல் கொஞ்சம் மிச்சம். அதை ஒழிக்க அறைக்குள் அறை கட்ட வேண்டும், நம் பட்ஜெட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ராத்திரியில் ரிசீவரை (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) நைட் மோடில் போட்டுவிடுகிறேன்; பெரிய சத்தங்களை அது அடக்கிவிடும்.