பொலிரோவின் பின்பக்கத்துக்கு ஒரு டிராயர் பெட்டி: சேனல் இல்லாமல் செய்வது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டியில் டெலஸ்கோபிக் சேனல், அதாவது டிராயரைத் தாங்கி இழுக்க உதவும் இரும்புத் தண்டவாளம், கிடையாது. வெளிநாட்டு வீடியோக்களில் கனமான சேனல் போட்டு, ஒரு விரலால் இழுத்துக் காட்டுவார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நம் காரைக்குடிப் பக்கம் கண்மாய்க் கரையிலும் செம்மண் பாதையிலும் ஓடும் வண்டிக்கு அது சரிவராது. பின்கதவு இடுக்கு வழியாகப் புழுதி வந்துகொண்டே இருக்கும். சேனலுக்குள் குண்டு பேரிங், அதில் கிரீஸ். கிரீஸில் செம்மண் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முதலில் கரகரக்கும், அப்புறம் பாதி வழியில் நின்றுவிடும்.

கோட்டையூரில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் நல்ல சேனல் எது என்று கேட்கப் போனேன். "ஏன் தம்பி, உங்க ஐயா காலத்து மேசையில சேனலா இருக்கு? இன்னிக்கும் ஓடலியா?" என்றார். அதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லை. பட்டையாக இழைத்த மரத்தின் மேல் டிராயர் வழுக்கும், நடுவே மெழுகு. இங்கே விளக்கப்போவது அதைத்தான்.

என் வண்டி பழைய பொலிரோ. பின்னால் எதிரெதிரே உட்காரும் இருக்கைகளைக் கழற்றிவிட்டால் கிடைக்கும் இடத்தில் பெட்டி உட்காருகிறது. வண்டி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறுபடக்கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அதனால் வண்டியில் புதிதாக ஓட்டை போடாமல், வெல்டிங் வைக்காமல், நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி வெளியே வந்துவிடும்படிதான் செய்ய வேண்டும். இருக்கையை நிரந்தரமாக எடுத்துவிட நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அளவு எடுப்பது

உள்ளே எவ்வளவு அகலம் என்று பார்ப்பதற்கு முன் பின்கதவு வாசலின் அகலத்தைப் பாருங்கள். கதவு ரப்பர், பூட்டு கொக்கி, சக்கர மேடு, இந்த மூன்றில் எது உள்ளே அதிகம் துருத்துகிறதோ அதுதான் உங்கள் அளவு. பெட்டி உள்ளே போனால் மட்டும் போதாது, டிராயர் வெளியே வரவும் வழி வேண்டும். பொலிரோவில் ஸ்டெப்னி கதவிலேயே தொங்குகிறது. கதவு பக்கவாட்டில் முழுக்கத் திறந்தபின் டிராயர் அதில் இடிக்காமல் வருகிறதா என்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து இழுத்துப் பாருங்கள்.

உயரத்துக்கு என் வழி வேறு. என்னென்ன வைக்கப் போகிறீர்களோ அதில் உயரமானதை அளந்து, அதிலிருந்து பெட்டியின் உயரத்தை முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது ஜாக்கி இல்லை, ஆச்சி முறுக்கும் சீடையும் போட்டுக் கொடுத்தனுப்பும் எவர்சில்வர் சம்படம். அது படுக்க வைத்தால் மூடி கழன்றுகொள்ளும், நிமிர்ந்துதான் போக வேண்டும்.

கணக்கு புரிய ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வெளி அளவு அகலம் 1000 மி.மீ., நீளம் 900, உயரம் 280. இரண்டு டிராயர், நடுவே ஒரு தடுப்பு. இந்த எண்களை அப்படியே உங்கள் வண்டிக்கு எடுக்காதீர்கள்.

பலகை

12 மி.மீ. பிளைவுட் போதும். பலர் பயந்துகொண்டு 18 வாங்குகிறார்கள். மேலே சொன்ன அளவுக்குப் பெட்டியும் டிராயர்களும் சேர்த்து சுமார் 4.6 சதுர மீட்டர் பலகை வேண்டும். 12-ல் செய்தால் காலிப் பெட்டி ஏறக்குறைய 36 கிலோ, 18-ல் செய்தால் 54. அந்த 18 கிலோவுக்குத் தண்ணீர் எடுத்துப் போகலாம். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 3 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆகவே இரண்டு வாங்க வேண்டியிருக்கும். மிச்சத்தில் உள் தடுப்புகள் செய்துகொள்ளலாம்.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டே என் தேர்வு. ஐ.எஸ். 303 முத்திரை உள்ள சாதாரண ரகத்திலும் செய்யலாம், தப்பில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரச் சாக்கும் கயிறும் உள்ளே கிடக்கும் என்பதால் நான் விலை பார்ப்பதில்லை.

"பழைய வீடு இடிச்ச பர்மா தேக்கு கிடைக்குமே, அதிலேயே செய்யலாமே" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பெட்டிக்கு வேண்டாம். பலகை மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். 2 மி.மீ. இடைவெளியில் ஓடும் டிராயருக்கு அது ஆகாது. ஆனால் டிராயர் ஓடும் பட்டைக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, தேய்மானமும் குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு நடுவே துண்டு மரமும் விற்கிறார்கள். 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனத்தில் பட்டைகளாக இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகையை வீட்டில் அறுக்காதீர்கள். கடையிலேயே மேசை ரம்பத்தில் அளவு கொடுத்து அறுத்து வாங்குவதுதான் நல்லது. கையில் பிடிக்கும் ஜிக்சா எவ்வளவு நல்ல கம்பெனி ஆனாலும் 900 மி.மீ. நீளத்துக்கு நேராகப் போகாது. டேப்பும் ஒன்றே ஒன்றைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டேப்பின் முனைக் கொக்கிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கூடு (வெளிப்பெட்டி) கட்டுதல்

மரப்பசை தடவி, முன்னோட்டமாகச் சின்ன ஓட்டை போட்டு, 150 மி.மீ.க்கு ஒரு ஸ்குரூ. ஓட்டை போடாமல் பிளைவுட்டின் விளிம்பில் ஸ்குரூ ஏற்றினால் அடுக்கு பிரிந்துவிடும். மூலைகளில் உள்பக்கம் அலுமினிய எல் பட்டை கொடுங்கள். இதற்கெல்லாம் 12 வோல்ட் பேட்டரி டிரில் தாராளம்.

பசை காய்வதற்குள் மூலைவிட்டம் பார்க்க வேண்டும். மூலைமட்டம் சின்னது, அது பொய் சொல்லும். முன்முகத்தின் எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 1038 மி.மீ. வரும். மேல்பலகையில் 1345. வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சரிசெய்து, அப்படியே காயவிடுங்கள். முன்முகத்தைப் பார்ப்பது போலப் பின்முகத்தையும் பாருங்கள். முன்னால் சரியாக இருந்து பின்னால் குறுகினால், டிராயர் கடைசிக் கையளவில் சிக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் இழைப்பது என்றே தெரியாது.

டிராயர்

உள் அகலம்: 1000-லிருந்து மூன்று 12-ஐக் கழித்தால் 964. பாதி 482. சேனல் போடுகிறவர்கள் இருபக்கமும் அரை அங்குலம் விட்டு டிராயரை 456-க்குச் செய்ய வேண்டும். நமக்குப் பக்கத்துக்கு 2 மி.மீ. போதும், ஆக 478. ஒரு டிராயருக்கு 22 மி.மீ. லாபம்.

உயரம்தான் சூட்சுமம், இங்கே நிதானமாகப் படியுங்கள். சேனல் இல்லாத டிராயரை வெளியே இழுக்க இழுக்க, முன்பக்கம் கீழே சாயும், பின்விளிம்பு மேலே எழும்பும். அதைப் பிடித்து நிறுத்துவது பெட்டியின் மேல்பலகைதான். அதனால் டிராயருக்கும் மேல்பலகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் டிராயர் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும். பூட்டுப் போட்ட மாதிரி சிக்கவும் செய்யும். உள் உயரம் 256. அதில் அடிப்பட்டை 10, மேல்பலகையின் அடியில் ஒட்டும் மைக்கா என்ற வழவழப்பான மெல்லிய தகடு 1, இடைவெளி 3. மிச்சம் 242 தான் டிராயரின் மொத்த உயரம், அதன் அடியில் ஒட்டும் மைக்காவையும் சேர்த்து. 3-ஐ 10 ஆக்கிப் பாருங்கள், 600 மி.மீ. வெளியே இழுத்ததும் முன்முனை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும்.

அடிப்பட்டை ஒரு டிராயருக்கு இரண்டு, டிராயரின் பக்கப்பலகை நேராக அதன் மேல் உட்கார வேண்டும். நடுவில் வைத்தால் பாரத்தில் டிராயரின் அடிப்பலகை தொய்யும். இரு பட்டைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் புழுதி விழுந்துவிடும், ஓடும் இடத்தில் தங்காது. வருஷத்துக்கு இரண்டு தடவை டிராயரை உருவி, துடைப்பத்தால் தள்ளிவிட்டால் முடிந்தது.

மைக்கா ஒட்டியபின் பட்டையில் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியை நன்றாகத் தேயுங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம், அவை புழுதியைக் கூப்பிடும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் மெழுகு இளகி மரத்தில் இறங்கிவிடும். மறுபடி தேய்த்துக்கொள்ளலாம், செலவு பத்து ரூபாய்.

டிராயர் முழுக்க உருவி விழாமல் இருக்க, பின்பலகையிலிருந்து கூட்டின் பின்சுவருக்கு ஒரு நாடா கட்டுங்கள். டிராயரின் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே நிற்கும் நீளம் போதும். பழைய சீட் பெல்ட் துண்டு இதற்கு அருமையாக இருக்கிறது.

பூட்டுக்குச் சின்னத் தாழ்ப்பாள். டிராயர் முகப்பில் செங்குத்தாக வைத்து, குச்சி கீழ்நோக்கி இறங்கி பெட்டியின் அடிப்பலகை ஓட்டையில் விழ வேண்டும். மேல்நோக்கி வைத்தால் குலுங்கலில் தானாக இறங்கி டிராயர் திறந்துகொள்ளும். ஓட்டைக்குள் சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் சத்தம் வராது. கைப்பிடிக்குக் கயிறே போதும். இரும்புக் கைப்பிடி கதவு மூடும்போது இடிக்கும்.

அறுத்த விளிம்பு எல்லாவற்றிலும் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். அடித்தபின் ஓட்டிப் பாருங்கள், வார்னிஷின் கனமும் இடைவெளியைத் தின்னும்.

வண்டியோடு பிணைத்தல்

நிறையப் பேர் இதைக் கடைசி நேரத்தில் கயிறு கட்டி முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 36 கிலோ பெட்டி, 40 கிலோ சாமான். கணக்குப் போட்டால் ஒன்றரை டன். முன்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டு ஆட்கள்.

கழற்றிய இருக்கையின் போல்ட் ஓட்டைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். தரையில் புதிதாக டிரில் போட்டால் அடியில் டீசல் டாங்கோ பிரேக் குழாயோ இருக்கலாம். பழைய போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துப்போய், அதே மரையில், பலகைக்கும் தகட்டுக்கும் சேர்த்து நீளம் கூட்டி, தலையில் 8.8 என்று பொறித்ததாகக் கேளுங்கள். எம்8 (8 மி.மீ.) அளவில் அந்த ரகப் போல்ட் ஒன்றே 2 டன் இழுவைக்கு மேல் தாங்கும். கிழிவது போல்ட் இல்லை, பலகை. அதனால் வெறும் வாஷர் போடாமல், கையகல இரும்புத் தகடு ஒன்றை 5 மி.மீ. கனத்தில் வெல்டிங் பட்டறையில் வெட்டி ஓட்டை போட்டு வாங்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடிப்பலகை மேல் கொடுங்கள். தகடு அடிப்பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வருகிற மாதிரி பட்டைகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். போல்ட் தலையும் தகடும் சேர்ந்து 10 மி.மீ.யைத் தாண்டினால் டிராயர் இடிக்கும், ஆகவே தட்டைத் தலை போல்ட்டாகப் பாருங்கள். முதல் கப்பி ரோட்டுப் பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், பலகை கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

ஜாக்கி, வின்ச் கயிறு, இரும்புச் சாமான் எல்லாம் டிராயரின் உள்கோடியில், பின்சீட்டுப் பக்கம். லேசானவை கதவுப் பக்கம். பெட்ரோல் கேனும் கேஸ் சிலிண்டரும் இந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது.

பின்சேர்க்கை

தேவகோட்டையிலிருந்து ஒருவர், வைகாசியில் மைக்கா உரிந்து தொங்குகிறது என்று எழுதியிருந்தார். ரப்பர் பசையில் ஒட்டியிருக்கிறார். அது அந்தச் சூட்டில் இளகும். வெள்ளை மரப்பசை தடவி, மேலே கல் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஒட்டும் முன் பலகையை உப்புத்தாளால் ஒருமுறை சொரசொரப்பாக்கவும்.

ஜிம்னிக்கு இது ஆகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐந்து கதவு ஜிம்னியில் பின்சீட்டை மடித்தாலும் டிக்கி 332 லிட்டர்தான். இரண்டு டிராயர் வேண்டாம், ஒன்றே ஒன்று, உயரம் 180-க்குள். மடித்த சீட்டும் டிக்கித் தரையும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பெட்டியை டிக்கித் தரையில் மட்டும் வைத்து, மேல்பலகைக்குக் கீல் போட்டு சீட்டின் மேல் மடிந்து விரியும்படி செய்யுங்கள். அதற்குப் பியானோ கீல் வாங்குங்கள், தனித்தனிக் கீல் குலுங்கலில் தளர்ந்துவிடும்.